கரியமில வாயுவைப் பாறைக்குள் வைக்கும் படிப்பு: ராமநாதபுரம் கரையிலிருந்து வரும் கேள்விகள்

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு ஊரில் வளர்ந்தவள் நான். சின்ன வயதில் ராத்திரி கிணற்றடிக்குப் போனால் தோப்புக்கு மேலே எரிவாயு நிலையத்தின் சுடர் தெரியும். அது எதற்கு எரிகிறது, அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் சரியாகச் சொன்னதில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நிலவியல் படித்தேன். அப்புறம் எண்ணெய், எரிவாயுப் பாறைகளில் கரியமில வாயுவைச் சேமிப்பது பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டமும் வாங்கினேன். ஊருக்கு வரும்போதெல்லாம் கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி, மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய வீட்டாரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நம் காலடி மண்ணைப் பற்றி யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். அந்த மேசையில் தரவைப் படிக்கத் தெரிந்த நம் ஊர்ப் பிள்ளை ஒருவராவது இருக்க வேண்டும். எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

இது என்ன படிப்பு, அக்கா?

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு இவற்றை எரித்தால் கரியமில வாயு வருகிறது. அதைப் புகைபோக்கியிலேயே பிடித்து, அழுத்தி, குழாயிலோ கப்பலிலோ கொண்டுபோய், தரைக்கு அடியில் சுமார் ஒரு கிலோமீட்டரோ அதைவிட ஆழத்திலோ உள்ள பாறைக்குள் செலுத்தி அங்கேயே நிற்கவைப்பது. பிடிக்கிற வேலை வேதிப் பொறியியல்காரர்களுடையது. கொண்டுபோவது இயந்திரப் பொறியியல். பாறைக்குள் வைப்பது நிலவியல், புவி இயற்பியல், பெட்ரோலியப் பொறியியல் மூன்றும் சேர்ந்தது. எண்ணெய் எடுக்கக் கற்ற அதே அறிவு இங்கே திருப்பிப் போடப்படுகிறது. அதனால்தான் புதைபடிவ எரிபொருள் துறையும் சேமிப்பும் பல பல்கலைக்கழகங்களில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

வாயுவைப் போய் மண்ணுக்குள் எப்படி வைப்பது? மேலே வந்துவிடாதா?

பூமிக்குள் பெரிய குகை இருக்கிறது, அதில் ஊதி அடைக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். குகை எதுவும் இல்லை. ஒரு குடம் நிறைய வைகை மணலை நிரப்பி, மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நிறைந்த குடம் இன்னும் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது! மணலுக்கு நடுவே இருக்கும் சந்துதான் காரணம். அந்த மணல் கோடிக்கணக்கான வருஷம் புதைந்து இறுகினால் மணற்பாறை. அதன் சந்துகளில் உப்புநீர் நிற்கும். சில இடங்களில் எண்ணெயோ எரிவாயுவோ நிற்கும். அந்தச் சந்துகளுக்குள்தான் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள்.

ஆழம் ஏன் முக்கியம் என்றால், கரியமில வாயு 31 டிகிரி வெப்பத்தையும் சுமார் 74 பார் அழுத்தத்தையும் தாண்டினால் வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் ஒரு இடைநிலைக்குப் போய்விடும். வாயுபோல ஓடும், திரவம்போல அடர்ந்திருக்கும். தரையில் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 550 கனமீட்டர் இடம் வேண்டும், ஒரு சின்னக் கல்யாண மண்டபம் அளவு. குளிர்ந்த படுகைகளில் 800 மீட்டருக்குக் கீழே போனால் அதே ஒரு டன் மொட்டைமாடியில் இருக்கும் 1,500 லிட்டர் தொட்டிக்குள் அடங்கிவிடும்.

அடங்கினாலும் அது உப்புநீரைவிட லேசானது, மேலே ஏறப் பார்க்கும். ஏறாமல் தடுப்பவை நான்கு. முதலாவது, மேலே படுத்திருக்கும் மூடுபாறை. களிமண் இறுகிய அந்தப் பாறையில் சந்துகள் இருந்தாலும் மிக நுணுக்கமானவை, எளிதில் எதையும் உள்ளே விடாது. இரண்டாவது, மணலுக்குள்ளேயே சிக்கிக்கொள்வது: எண்ணெய் கொட்டிய மணலை எத்தனை முறை அலசினாலும் பிசுக்கு முழுக்கப் போகாது, அதுபோல. மூன்றாவது, உப்புநீரில் கரைந்துபோவது. கோலி சோடாவில் நடப்பதேதான். ஆனால் வாயு கரைந்த நீர் கொஞ்சம் கனமாகி மெல்லக் கீழே இறங்கும், மேலே ஏறாது. நான்காவது, பாறைத் தாதுக்களோடு வேதிவினை செய்து கல்லாகவே மாறுவது. மணற்பாறையில் இதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். ஐஸ்லாந்தில் கார்ப்ஃபிக்ஸ் திட்டக்காரர்கள் 2012-ல் கருங்கல் மாதிரியான பசால்ட் எரிமலைப் பாறைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். இரண்டே வருஷத்துக்குள் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது என்று 2016-ல் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையை முதன்முதலாகப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

நம் கரைக்கு அடியில் அப்படிப்பட்ட பாறை இருக்கிறதா?

நாம் உட்கார்ந்திருப்பது காவிரிப் படுகையின் தெற்குப் பகுதியில். இந்தியா, கோண்ட்வானா என்ற பெருங்கண்டத்திலிருந்து பிரிந்தபோது நிலம் விரிசல் விட்டுப் பள்ளங்கள் உண்டாயின. அந்தப் பள்ளங்களில் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்தன. ராமநாதபுரம், பாக் விரிகுடாப் பள்ளம் அதில் ஒன்று. பெருங்குளம், பெரியபட்டினம், கஞ்சிரங்குடி வட்டாரத்தில் ஓஎன்ஜிசி எரிவாயு எடுப்பதும், வழுதூர் மின் நிலையம் ஓடுவதும் அந்தப் பள்ளத்தின் புண்ணியத்தில்தான். எரிவாயு லட்சக்கணக்கான வருஷமாக ஓரிடத்தில் தங்கியிருக்கிறது என்றால், மணற்பாறையும் அதை மூடும் பாறையும் அங்கே இருக்கின்றன என்று பொருள்.

இந்தப் படுகையின் பாறை அடுக்குகளுக்குப் பெயர் என்ன தெரியுமா? ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், பரங்கிப்பேட்டை, காரைக்கால். எல்லாம் நம் ஊர்கள். உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் ஆய்வாளரும் நம் படுகையைப் பற்றி எழுதினால் 'சாத்தப்பாடி களிப்பாறை' என்றுதான் எழுத வேண்டும். அதைத் தட்டுத் தடுமாறாமல் உச்சரிக்கத் தெரிந்தவர்கள் நாம்.

ஆனால் எரிவாயு இருந்ததால் மட்டும் கரியமில வாயுவும் நிற்கும் என்று முடிவு கட்டக்கூடாது. நம் ஊர்த் தரை வருஷம் முழுக்கச் சூடு. இந்தச் சேமிப்பு முதலில் நடந்த, நார்வே பக்கத்து வட கடலின் அடித்தரை ஐஸ்போலக் குளிர்ந்திருக்கும். அதனால் அதே ஆழத்தில் நம் பாறை அங்கே இருப்பதைவிடச் சூடாக இருக்கும். சூடு கூடினால் வாயு விரியும், அடர்த்தி குறையும். 800 மீட்டர் என்ற பாடநூல் கணக்கு நமக்கு அப்படியே செல்லாது, இன்னும் ஆழம் போயாக வேண்டும். அப்புறம், பள்ளம் உண்டானபோது வந்த விரிசல்கள் இருக்கின்றன. அவற்றில் எது மூடியிருக்கிறது, எது அழுத்தம் ஏறினால் திறக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 'இருக்கலாம்' என்பதிலிருந்து 'இருக்கிறது' என்பதற்கு வர நாலைந்து ஆய்வேடுகளாவது தேவை. அதில் ஒன்றை நீங்கள் எழுதலாம்.

அளவையும் பாருங்கள். தூத்துக்குடியில் ஓடும் 1,000 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வருஷத்தில் 70 சதவீதம் ஓடினால் சுமார் 61 லட்சம் மெகாவாட் மணி மின்சாரம். ஒரு மெகாவாட் மணிக்கு ஏறக்குறைய ஒரு டன் என்று வைத்தால் வருஷத்துக்கு 60 லட்சம் டன் கரியமில வாயு. ஒரு சின்ன எரிவாயு வயல் காலியானால் அதில் இதற்கு எத்தனை வருஷம் இடம் இருக்கும்? என்னிடம் ஆய்வுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் கணக்கே இதுதான்.

வேறு எங்காவது உண்மையிலேயே செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். நார்வேயின் ஸ்லெய்ப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் நடக்கிறது. அங்கே கிடைக்கும் எரிவாயுவில் கரியமில வாயு கூடுதல், பிரிக்காமல் விற்க முடியாது. பிரித்ததைக் காற்றில் விட்டால் 1991-ல் வந்த கார்பன் வரி கட்ட வேண்டும். அதனால் கடலுக்கு அடியில் உத்சிரா என்ற மணற்பாறைக்குள் வருஷத்துக்குப் பத்து லட்சம் டன் அளவில் செலுத்தினார்கள். சில வருஷத்துக்கு ஒரு முறை நில அதிர்வு அலைகளை அனுப்பி, வாயு எங்கே பரவியிருக்கிறது என்று படம் பிடித்தார்கள். மூடுபாறைக்குக் கீழே அது விரிவது படத்தில் தெளிவாகத் தெரிகிறது.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக நடக்கவில்லை. அல்ஜீரியாவின் இன் சாலாவில் 2004 முதல் செலுத்தினார்கள். செயற்கைக்கோளில் பார்த்தால் பாலைவனத் தரையே மில்லிமீட்டர் கணக்கில் உயர்ந்திருந்தது. மூடுபாறை தாங்குமா என்ற கவலையில் 2011-ல் நிறுத்தினார்கள், அதற்குள் 38 லட்சம் டன் உள்ளே போயிருந்தது. ஆஸ்திரேலியாவின் கோர்கன் திட்டம் சொன்ன இலக்கை எட்டவில்லை. இந்தத் தோல்விகளை ஆய்வேட்டில் ஒரு வரியில் தாண்டிப்போகிற மாணவரை நான் நம்ப மாட்டேன்.

நம் பக்கத்தில் தூத்துக்குடியில் ஒன்று நடந்தது. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் கொதிகலன் புகையிலிருந்து வருஷத்துக்கு 60,000 டன் வரை பிடித்துச் சோடா சாம்பல் செய்யும் ஏற்பாடு 2016 வாக்கில் வந்தது. அது புதைப்பது இல்லை, பயன்படுத்துவது. இருந்தாலும் பிடிப்பது நம் கரையிலேயே முடியும் என்பதற்குச் சாட்சி.

கசிந்தால் ஊர் அழிந்துவிடாதா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கேமரூனின் நியோஸ் ஏரிச் செய்தியை எங்காவது படித்தவர்கள். 1986 ஆகஸ்டில் ஒரு எரிமலை ஏரியின் அடியில் கரைந்து தேங்கியிருந்த கரியமில வாயு ஒரே மூச்சில் கிளம்பி 1,700 பேர் அளவில் இறந்தார்கள். ஆனால் மூடிய பாறையின் நுண்சந்துகளில் இருப்பது ஏரியில் தேங்கியதுபோல ஒரே நேரத்தில் பொங்க வழியில்லை. சரியாகத் தேர்ந்தெடுத்த இடத்தில் நூறு வருஷத்தில் 99 சதவீதத்துக்கு மேல் உள்ளேயே நிற்க மிக அதிக வாய்ப்பு என்று ஐபிசிசி, அதாவது காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவின் 2005 அறிக்கை சொல்கிறது.

என் பயம் குழாய்களைப் பற்றி. 2020-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் சட்டார்ஷியா என்ற ஊருக்குப் பக்கத்தில் கரியமில வாயுக் குழாய் உடைந்தது. மழையில் மண் சரிந்ததுதான் காரணம். 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். காற்றைவிடக் கனமான வாயு தாழ்வான இடத்தில் படுத்துக்கொள்ளும், ஆக்சிஜன் போதாமல் வண்டி எஞ்சின்கூட நின்றுவிடும். தூத்துக்குடியிலிருந்து யாராவது நம் பக்கம் குழாய் போடுகிறோம் என்று வந்தால், எந்த ஊர் வழியாக, கண்மாய்க்கு எவ்வளவு பக்கத்தில், எந்த இடத்தில் அடைப்பு வால்வு என்று கேளுங்கள். பாறையைப் பற்றி அப்புறம் கேட்கலாம்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகுமா?

என் அம்மா கேட்ட கேள்வி இது. நம் கரையில் நல்ல தண்ணீர் மணல்மேட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய படலம். அதற்குக் கீழே உப்பு. மோட்டார் போட்டு இழுத்தால் உப்பு ஏறிவிடும் என்பது தோப்பு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். சேமிப்புப் பாறை அதற்கு ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, நடுவில் பல அடுக்குகள். அந்த அடுக்குகளைக் குறுக்கே வெட்டுவது மனிதன் போட்ட கிணறுதான். பழைய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் இரும்புக் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சிமெண்டு ஊற்றியிருப்பார்கள். கரியமில வாயு தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம், சாதாரணச் சிமெண்டை மெல்ல அரிக்கும். சிமெண்டு சரியாகப் பிடிக்காத ஒரு பழைய கிணறு போதும், உப்புநீரோ வாயுவோ மேலே வர. ஆகவே காலியான எரிவாயு வயலில் சேமிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் முதல் வேலை பழைய கிணறுகளின் கணக்கெடுப்பு. இரண்டாவது, எதையும் செலுத்துவதற்கு முன்பே ஊர்க் கிணறுகளின் உப்பு, அமிலத்தன்மை, கரைந்த கார்பன் எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் அளந்து வைப்பது. பழைய அளவு கையில் இல்லாவிட்டால் பின்னால் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. இந்த அளவெடுப்பே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு. கரையோரப் பெண்கள்தான் அதில் சிறந்த துணை, தண்ணீர் ருசி மாறினால் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

மன்னார் வளைகுடாவுக்கு அடியில் செய்வார்களா?

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர், 1986-ல் அறிவித்த கடல்வாழ் தேசியப் பூங்கா. பவளமும் கடல்புல்லும் கடற்பசுவும் உள்ள அந்த இடத்தில் தோண்டவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

எண்ணெய்க் கம்பெனிக்கு முட்டுக் கொடுக்கிற படிப்புதானே இது?

ஒரு கூட்டத்தில் மீனவ அண்ணன் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். நியாயமான கேள்வி. 2025 ஆகஸ்டில் நம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு ஓஎன்ஜிசிக்குச் சூழல் அனுமதி கிடைத்த செய்தி வந்தது. எதிர்ப்பு எழுந்தது, ஹைட்ரோகார்பன் திட்டங்களை விடமாட்டோம் என்று மாநில அரசு சொன்னது. டெல்டாவுக்கு 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் நம் மாவட்டம் சேரவில்லை. இப்படிப்பட்ட சூழ்நிலையில் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உலகம் ஆற்றலுக்காக வருஷத்துக்கு விடும் கரியமில வாயு சுமார் 3,700 கோடி டன். பிடிக்க இப்போது இருக்கும் வசதி 5 கோடி டன் அளவு. அதிலும் பெரும்பங்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுப்பதற்காகவே உள்ளே செலுத்தப்படுகிறது. ஆகவே 'பிடித்துவிடுவோம், நீங்கள் எரித்துக்கொண்டே இருங்கள்' என்று யார் சொன்னாலும் அது தவறு. சூரிய ஒளியும் காற்றும் கிடைக்கிற இடத்தில் அதுதான் முதலில். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லேயே வந்துவிட்டது, நம் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சிமெண்டு? சுண்ணாம்புக் கல்லைச் சுட்டாலே கரியமில வாயு வெளியே வரும், அடுப்பில் எதை எரித்தாலும் சரி. அரியலூர் ஆலைகளை நினைத்துப் பாருங்கள். அதற்குச் சேமிப்பைத் தவிர வழி மிகக் குறைவு. இந்தியா 2070-க்குள் நிகரப் பூஜ்யம், அதாவது விடுகிற வாயுவும் திரும்ப எடுக்கிற வாயுவும் சமம், என்று 2021-ல் கிளாஸ்கோவில் சொல்லிவிட்டது, சிமெண்டையும் எஃகையும் கணக்கில் சேர்க்காமல் அது நடக்காது. நான் இந்தப் படிப்பில் இருப்பது அந்தப் பகுதிக்காக.

அந்த அண்ணனிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. தன் மகளை மட்டும் என்னிடம் பேச அனுப்பினார்.

எந்தப் பட்டம் இருந்தால் சேரலாம்?

எம்.எஸ்சி. நிலவியல், புவி இயற்பியல், வேதியியல், இயற்பியல், கடலியல், அல்லது எம்.டெக். பெட்ரோலியம், வேதிப் பொறியியல், சிவில். யுஜிசியின் 2022 விதிகளின்படி நான்கு வருஷ இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்களும் நேராக விண்ணப்பிக்கலாம். குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு மேலும் இரண்டு வருஷம் சலுகை உண்டு. நுழைவுக்கு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் புவி அறிவியல் தாள், அல்லது கேட் தேர்வில் நிலவியல், பெட்ரோலியம், வேதிப் பொறியியல் தாள்களில் ஒன்று.

எங்கே படிக்கலாம்?

சென்னை ஐஐடியில் கடல்சார் பொறியியல் துறைக்குள் பெட்ரோலியப் பொறியியல் இருக்கிறது. மும்பை ஐஐடியில் மத்திய அரசின் கார்பன் பிடிப்பு, பயன்பாட்டு மையம் இருக்கிறது. 2022-ல் அறிவித்த இரண்டில் ஒன்று, மற்றது பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில். தன்பாத் ஐஐடி, ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இரண்டும் பாறை வேலைக்குப் பெயர் பெற்றவை. தமிழ்நாட்டுக்குள் அண்ணா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும். வீட்டுப் பக்கத்திலேயே வேண்டும் என்றால், அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இருக்கிறது. கரியமில வாயுவை மின்வேதியியலால் வேறு பொருளாக மாற்றும் பக்கம் ஆர்வம் இருந்தால் காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைப் பாருங்கள்.

வெளிநாடு?

இங்கிலாந்தில் நாட்டிங்காம் பல்கலைக்கழகம் தலைமையில் கார்பன் சேமிப்புக்கும் தூய புதைபடிவ ஆற்றலுக்கும் என்றே ஒரு முனைவர் பயிற்சி மையம் 2014-ல் தொடங்கியது. அங்கே தொழில் நிறுவனத்தோடு சேர்ந்து நான்கு வருஷம் ஆய்வு நடந்தது. இப்படிப்பட்ட மையங்களில் வெளிநாட்டாருக்கு முழு உதவித்தொகை இடம் குறைவு, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நார்வேயில் முனைவர் ஆய்வு என்றால் சம்பளம் வாங்கும் வேலை. கீழக்கரை வீடுகளில் பல பேர் வளைகுடா நாடுகளில் இருப்பதால் இதையும் சொல்கிறேன்: சவூதியில் காஸ்ட் எனப்படும் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் கட்டணமும் உதவித்தொகையும் அவர்களே தருகிறார்கள். அங்கே பெட்ரோலியமும் சேமிப்பும் இரண்டும் வலுவானவை. மாமா அந்த நாட்டிலேயே இருக்கிறார் என்றால் அத்தாவும் சீக்கிரம் சம்மதிப்பார்.

மாதம் எவ்வளவு வரும்? வீட்டில் பணம் கேட்க முடியாது.

நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 தொடக்கத்திலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ஐஐடிகளிலும் இதே அளவு. உதவித்தொகை இல்லாமல் சேராதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்கிறேன். 'முதலில் சேர், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லி மூன்று வருஷம் கடனில் தவித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நான் முதலில் சேர்ந்த இடத்தில் உயர் அழுத்தக் கருவி 'அடுத்த மாதம் வந்துவிடும்' என்றார்கள். ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். வரவே இல்லை. அழுதுகொண்டே வேறு இடம் மாறினேன். அந்த வருஷங்கள் திரும்பவில்லை. ஆகவே சேரும் முன் ஆய்வகத்துக்கு நேரில் போய்க் கருவியைக் கண்ணால் பாருங்கள். அவரிடம் படித்து முடித்தவர்கள் இரண்டு பேரிடம் போனில் பேசுங்கள். எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, பெண் பிள்ளைகள் நடுவில் விட்டுப்போனார்களா என்று கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம். ஐந்து வருஷ வாழ்க்கை அது.

பாறை மாதிரி எங்கிருந்து வரும் என்பதையும் கேட்க வேண்டும். கிணறு தோண்டும்போது ஆழத்திலிருந்து உருளையாக வெட்டியெடுத்த கோர் என்ற பாறைத் துண்டு இல்லாமல் இந்தத் துறையில் பாதி வேலை நடக்காது. கிணற்றுக்குள் கருவி இறக்கி ஆழவாரியாக எடுத்த அளவுப் பதிவுகளான லாகுகளும் நில அதிர்வுத் தரவும் 2017-ல் தொடங்கிய தேசியத் தரவுக் களஞ்சியத்தின் வழியாகக் கேட்கலாம்.

தினமும் என்னதான் செய்வீர்கள்?

என் ஆய்வு உப்பைப் பற்றியது. சிரிக்காதீர்கள், வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதுதான் வாய்த்தது. ஈரமே இல்லாத கரியமில வாயுவைக் கிணற்றின் வழியாக உப்புநீர்ப் பாறைக்குள் செலுத்தினால், கிணற்றுக்கு ஓரமாக இருக்கும் நீரை அது ஆவியாக்கி எடுத்துக்கொண்டு போய்விடும். நீர் போனால் என்ன மிஞ்சும்? பாத்தியில் நடப்பதேதான், உப்பு விளையும். பாறையின் சந்துகளை அடைக்கும். அப்புறம் வாயு உள்ளே போகாது, அழுத்தம் எகிறும். நார்வேயின் ஸ்னோவிட்டில் 2008-ல் செலுத்தத் தொடங்கியதும் அழுத்தம் ஏறியதற்கு உப்பும் ஒரு காரணம் என்று கண்டார்கள்.

நான் 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாறை உருளையை உப்புநீரில் ஊறவைத்து, எஃகுக் கூட்டுக்குள் இறுக்கி, பாறை ஆழத்தில் இருக்கும் சூட்டையும் அழுத்தத்தையும் கொடுத்து, வாயுவை மெல்ல மெல்லச் செலுத்துவேன். ஒரு சோதனைக்கு நாலைந்து நாள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ரப்பர் வளையம் விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். முடிந்ததும் உருளையை எக்ஸ்ரே ஸ்கேனில் வைத்தால் சந்துகளில் வெள்ளையாக உப்பு தெரியும். முதன்முதல் அதைத் திரையில் பார்த்தபோது, உப்பளத்தில் வரப்போரமாகப் படியும் பொருக்கு அப்படியே நினைவுக்கு வந்தது. வாயு நுழையும் பக்கத்தில் உப்பு கூடுதல், உள்ளே போகப் போகக் குறைவு. அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். 'இதுக்கா இத்தனை வருஷம் படிச்ச, நம்ம உப்பளத்து ஆளுங்களக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே' என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அடுத்த லீவில் உப்பளத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் போய், எந்தக் காற்றில் பொருக்கு எப்படி விளைகிறது என்று ஒரு நாள் முழுக்கக் கேட்டு எழுதிக்கொண்டேன். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் வரி அவருக்கு.

பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா? ரிக் என்ற துளையிடும் மேடை, கடல் என்று அலைய வேண்டாமா?

பெரும்பாலான வேலை ஆய்வகத்திலும் கணினியிலும் நடக்கிறது. ஒரு நேர்காணலில் 'கல்யாணம் ஆனால் விட்டுப்போவாயே' என்று என்னைக் கேட்டார்கள். விட்டுப்போகவில்லை. யுஜிசி விதியில் ஆய்வுக்காலத்தில் 240 நாள் மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு, கேட்டு வாங்குங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். முடியுமா?

நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம்தான். முதல் வருஷம் ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் படிக்க மூன்று நாள் ஆனது, மூன்றாம் வருஷம் மூன்று மணி நேரம். கணக்கில் பயம் இருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். பைத்தான் நிரல்மொழியை இப்போதே தொடங்குங்கள்.

முடித்தால் வேலை கிடைக்குமா?

உண்மையைச் சொல்கிறேன். சேமிப்புக்கென்றே உள்ள வேலைகள் இந்தியாவில் இன்னும் கொஞ்சம்தான். சேமிப்புக்குத் தனிச் சட்டமும் இன்னும் இல்லை; ஐரோப்பாவில் 2009-லேயே விதி வந்துவிட்டது. ஆனால் கற்கும் கைவேலை வீண்போகாது. பாறைக்குள் திரவம் எப்படி ஓடும் என்று தெரிந்தவர் நிலத்தடி நீருக்கும் வேண்டும், புவிவெப்ப ஆற்றலுக்கும் வேண்டும், ஹைட்ரஜனைப் பூமிக்குள் சேமிக்கவும் வேண்டும். விசாகப்பட்டினத்திலும் மங்களூரிலும் பாதூரிலும் பாறையைக் குடைந்து கச்சா எண்ணெய் சேமிக்கும் இடங்கள் இருக்கின்றன. எண்ணெய் நிறுவனங்கள், சிமெண்டு, எஃகு நிறுவனங்களின் கார்பன் பிரிவுகள், கல்லூரி ஆசிரியப் பணி எல்லாம் உண்டு. அரசு நிலவியலாளர் வேலைதான் குறி என்றால் முனைவர் பட்டம் தேவையில்லை, எம்.எஸ்சி.யோடு யுபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியல் தேர்வை எழுதுங்கள்.

இப்போதே ஏதாவது செய்ய வேண்டும் என்று இருக்கிறது. என்ன செய்யட்டும்?

ஒரு நோட்டு வாங்கி, உங்கள் தெருவில் பத்துக் கிணறுகளின் ஆழமும் உப்பும் மாதம் ஒரு முறை எழுதுங்கள். உப்பு பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் விலை சில நூறு ரூபாய்தான். ஒரு வருஷம் எழுதியவர் நேர்காணலில் மற்ற எவரையும்விட நன்றாகப் பேசுவார்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது பையில் இரண்டு கல் கொண்டுவருகிறேன், ஒன்று மணற்பாறை, ஒன்று களிப்பாறை. இரண்டின் மேலும் ஆளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்போம். ஒன்று உடனே குடித்துவிடும். மற்றதன் மேல் அந்தச் சொட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும்.